மாமாவின் கிளையில் ஒரு இன்ஜின்

இன்ஜினை இறக்கணும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். திருப்பத்தூர் பட்டறைக்காரரும் அப்படித்தான் சொன்னாராம், மலைக்குத் திரும்பி வந்து என் வீட்டுக்காரரும் அப்படியே சொன்னார். பரண்மேல் இருக்கிற பானையை இறக்குகிற மாதிரி ஏதோ ஒன்று என்று நானும் தலையை ஆட்டிவைத்தேன். பிறகுதான் தெரிந்தது, இறக்குவதே இல்லை, தூக்குவது. ஜீப்பின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கிற அந்த இரும்பை மேலே தூக்கி, அது அந்தரத்தில் தொங்கும்போது வண்டியைப் பின்னால் தள்ளிவிட்டு, அப்புறம் தரையில் வைப்பதற்குப் பெயர் இறக்குவது. தொழில்காரர்கள் பேச்சே இப்படித்தான். பாதியைச் சொல்லிவிட்டு மீதியை நம் தலையில் கட்டிவிடுவார்கள்.

என் வீட்டுக்காரர் பெயர் ரங்கசாமி. கல்யாணமான புதிதில் நானும் மற்ற பெண்களைப் போலப் புருஷன் பெயரைச் சொல்லாமல்தான் இருந்தேன். என்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் உழவு மாட்டை விற்றுவிட்டு ஒரு பழைய ஜீப்போடு வந்து இறங்கினாரே, அன்றிலிருந்து சொல்கிறேன்.

மிலிட்டரியில் கழித்துவிட்ட ஜீப் அது. எண்பதாம் வருஷம் வாங்கியது. எங்கள் மலைமேல் இருக்கிற புதூர்நாட்டுக்கு அரசாங்க பஸ் வருகிற நாளில் வரும், வராத நாளில் வராது. அதனால் பிரசவத்துக்குப் போகிறவளும், சம்பளம் வாங்கப் போகிற வாத்தியாரும், பலாப்பழமும், புளி மூட்டையும் எங்கள் ஜீப்பில்தான் திருப்பத்தூருக்கு இறங்க வேண்டும். குறை சொல்லக் கூடாது, நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் வருஷம் மாசி மாதம் மலை ஏறி வரும்போது உள்ளே டொக் டொக் என்று ஒரு சத்தம் கேட்டது. எங்கள் ஊர் எல்லையைத் தொடும்போது அது உரலில் கேழ்வரகு இடிக்கிற சத்தமாகிவிட்டது. வாசலில் வந்து நின்றதோடு சரி, அப்புறம் அது கிளம்பவில்லை.

ரங்கசாமி பஸ் ஏறிப் போய்ப் பட்டறைக்காரரிடம் அந்தச் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டியிருக்கிறார். உள்ளே பேரிங் போயிருக்கும், இன்ஜினை மட்டும் இறக்கிக் கொண்டு வா, பார்த்துத் தருகிறேன் என்று அவர் சொல்லிவிட்டார். ஓடாத ஜீப்பை மலையிலிருந்து கட்டி இழுத்துக்கொண்டு போக யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. புளி ஏற்ற வருகிற லாரியில் இன்ஜினை மட்டும் போட்டு அனுப்பலாம். அதனால் வீட்டிலேயே கழற்றிவிடுவது என்று முடிவாயிற்று.

"உனக்குத் தெரியுமாய்யா இந்த வேலை?" என்று கேட்டேன்.

"வாணியம்பாடில லாரி ஷெட்ல இருந்தப்ப எத்தினி இன்ஜின் எறக்கறத பாத்துக்கீறேன் தெரியுமா?"

"பாத்துக்கீற. எறக்கிக்கீறியா?"

அவர் ஸ்பானர் பையைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு அந்த ஜீப் கிளம்பினால் என்ன, கிளம்பாவிட்டால் என்ன என்றுகூட ஒரு சமயம் இருந்தது. என் மனசு முழுக்க வேறு ஒன்று. வைகாசியில் என் அக்கா மகள் ராணியம்மாளுக்குக் கல்யாணம். எனக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பெண் என் மடியில் வளர்ந்தவள். அவள் கல்யாணத்துக்கு நான் போக முடியுமா முடியாதா என்பதே தெரியாமல் இருந்தேன். அக்கா வீடு எங்கே என்று கேட்டால் சிரிப்பீர்கள். எங்கள் வாசலும் அவர்கள் வாசலும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருக்கும், நடுவில் ஒரு புளியமரம், அவ்வளவுதான்.

என் அக்கா பெரியம்மாளைக் கட்டியவர் ரங்கசாமியின் அண்ணன் அருணகிரி. அக்காள் தங்கை இருவரும் அண்ணன் தம்பி இருவரைக் கட்டிக்கொண்டு ஒரே வாசலுக்கு வந்தோம். எனக்கு அவர் இரண்டு வகையிலும் மாமாதான். ரங்கசாமி தன் பங்கு மாட்டை விற்று ஜீப் வாங்கிய அன்றைக்கு மாமா சண்டைகூடப் போடவில்லை. "மாட்டை வித்தது பெருசில்ல. ஒரு வார்த்தை என்னைக் கேட்டானா?" என்று மட்டும்தான் சொன்னார். "என் மாட்டை விக்க நான் யாரைக் கேக்கணும்?" என்று இவர் சொன்னார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. நிலம் பிரிந்தது, கிணற்று முறை பிரிந்தது, புளியமரமும் பிரிந்தது.

மரத்தைப் பிரிப்பது எங்கள் மலையில் புதிதில்லை. மரத்தை வெட்டவா முடியும்? கிளையாகப் பிரித்துக்கொள்வோம். கிழக்கே போகிற கிளைகள் மூத்தவருக்கு, மேற்கே போகிற கிளைகள் இளையவருக்கு என்று பெரிய மனிதர்கள் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் அண்ணாந்து மரத்தைப் பார்த்தார்களே தவிர, கீழே வீடுகளைப் பார்க்கவில்லை. எங்கள் வீடு கிழக்கே, மாமா வீடு மேற்கே. அதனால் மாமாவின் கிளைகள் எங்கள் வாசலுக்கு மேலேயும், எங்கள் கிளைகள் அவர் கூரைக்கு மேலேயும் நீண்டு கிடந்தன. புளி உலுக்குகிற காலத்தில் அவர் எங்கள் வாசலுக்கு வந்து பொறுக்குவார், இவர் அந்த வாசலுக்குப் போய்ப் பொறுக்குவார். தலை நிமிராமல் பொறுக்குவார்கள்.

பேச்சு நின்றது என்றாலும் பேச வேண்டிய காரியம் நிற்குமா? அதற்குத்தான் நான் இருந்தேனே. "உன் மாமன்கிட்ட சொல்லு" என்று இவர் ஆரம்பிப்பார். "உன் வூட்டுக்காரன்கிட்ட சொல்லு" என்று அவர் ஆரம்பிப்பார். பெயரைக்கூடச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். இரண்டு பேரும் கூப்பிடு தூரத்தில் நிற்பார்கள், ஒருவர் சொன்னது மற்றவர் காதில் தெளிவாக விழும், ஆனாலும் நான் மறுபடி சொன்னால்தான் சொன்னதாகக் கணக்கு. அக்கா இந்த வேலைக்கு ஒத்துவர மாட்டாள். அவள் வாய் திறந்தால் அழுதுவிடுவாள். ஆக, மூன்று வருஷமாக நான்தான் தபால்.

நான் என்ன, கேட்டதை அப்படியே கொண்டுபோய்க் கொடுக்கிற தபால்காரனா? கொஞ்சம் தட்டிச் சீர் செய்துதான் கொடுப்பேன். "அந்த ஆட்டைக் கட்டச் சொல்லு, இல்லாங்காட்டி கால ஒடிப்பேன்" என்று ஒருவர் சொன்னால், "ஆட்டைக் கொஞ்சம் கட்டிவைக்கச் சொன்னாரு" என்று இந்தப் பக்கம் வரும். அப்படிச் செய்ததால்தான் மூன்று வருஷமும் ஒரு வெட்டுக் குத்து இல்லாமல் போயிற்று. இதை இன்றைக்கும் மார்தட்டிச் சொல்வேன்.

கல்யாண விஷயத்தில் மட்டும் என் தட்டல் கொட்டல் எதுவும் பலிக்கவில்லை. "அவன் வந்து ஒரு வார்த்தை பேசட்டும், நான் பாக்கு வச்சு அழைக்கிறேன்" என்று மாமா. "மூத்தவருன்னா அவரு வந்து அழைக்கட்டும், நான் பேசறேன்" என்று இவர். அழையாத வீட்டுக்குக் கல்யாணத்துக்குப் போகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. ராணியம்மாள் மணவறையில் உட்காரும்போது நான் பத்தடி தள்ளி என் வீட்டுக்குள் உட்கார்ந்து மேளத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்று நினைத்தால் சோறு இறங்காது.

இந்த நிலைமையில்தான் இன்ஜின் தொல்லையும் வந்து சேர்ந்தது.

தூக்குவதற்கு மேலே ஒரு பிடிப்பு வேண்டும். மூன்று மரத்தைக் கூட்டி நிறுத்திக் கட்டலாம் என்றார் எங்கள் ஜீப்பில் கூட ஓடுகிற காசி. அத்தனை பருமனுள்ள மரம் வெட்டினால் காட்டிலாகா கார்டு எங்களையும் சேர்த்துக் கட்டிவிடுவார். அப்படியானால் புளியமரக் கிளைதான். ஜீப் நிற்கிற இடத்துக்கு நேர்மேலே, ஆள் கட்டிப்பிடிக்கிற பருமனில், ஒரு கோணல் இல்லாமல் ஒரு கிளை போகிறது. அது மாமாவின் கிளை. எங்கள் கிளைக்குக் கீழே ஜீப்பைத் தள்ளிக்கொண்டு போகலாமென்றால் அது மாமாவின் வாசல். எந்தப் பக்கம் திரும்பினாலும் கேட்டாக வேண்டும்.

ரங்கசாமி அந்தக் கிளையை அண்ணாந்து பார்த்தார். குனிந்து ஜீப்பைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"உன் மாமன்கிட்ட சொல்லு. கெளைல கயிறு போடறேன்னு. அவரு கெளைய நான் ஒன்னியும் முழுங்கிட மாட்டேன்னு சொல்லு."

நான் மரத்தைச் சுற்றிக்கொண்டு போனேன். மாமா கட்டிலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்க கெளைல கயிறு போட்டு இன்ஜினத் தூக்கிக்கலாமான்னு கேக்கறாருங்க."

மாமா கயிறு திரிப்பதை நிறுத்தினார். "கேக்கறானா?"

"கேக்கறாருங்க."

"அவன் வாயால கேட்டானா?"

"அவரு வாயால இல்லாம என் வாயாலயா?"

மாமாவுக்கு என்னைத் தெரியும். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்தாரா இல்லையா என்று தெரியவில்லை, மீசை அசைந்தது. "அத்தனை எடையை எத்தினி பேரு இழுத்துத் தூக்குவீங்க? என் மாட்டை ஓட்டிக்கினு வர்றேன்னு சொல்லு. உதவிக்கு இல்ல. கெளை ஒடிஞ்சா கேக்க ஆளு வேணும், அதுக்கு வர்றேன்னு சொல்லு."

இதை இந்தப் பக்கம் வந்து, "மாட்டை ஓட்டிக்கினு உதவிக்கு வர்றாராம்" என்று சொன்னேன். ரங்கசாமி ஸ்பானரைத் துடைத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலையில் வேலை ஆரம்பித்தது. பானெட்டைக் கழற்றி இரண்டு பேரும் கதவு மாதிரித் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரில் சாய்த்தார்கள். பாட்டரி வயரைக் கழற்றினார்கள். ரேடியேட்டரில் இருந்த தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். அடியில் ஒரு சட்டியை வைத்து எண்ணெயை வடித்தார்கள், கருப்பாகக் கஷாயம் மாதிரி வந்தது. ரேடியேட்டர் வெளியே வந்ததும் ஜீப்பின் முகமே போய்விட்டது. உள்ளே பார்த்தால் குழாயும் வயரும் கம்பியுமாகக் கிடந்தது.

எனக்குக் கழற்றிப் போடுகிற மறைகளை, அதுதான் நட்டு போல்ட்டை, காக்கிற வேலை. எந்த இடத்து மறை என்று குழம்பிவிட்டால் திரும்பப் பூட்டும்போது மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும் என்று ரங்கசாமி பத்துத் தடவை சொன்னார். நான் பலா இலையில் தொன்னை தைத்து, ஒவ்வொரு இடத்து மறையையும் ஒவ்வொரு தொன்னையில் போட்டு முறத்தில் வரிசையாக வைத்தேன். கோயிலில் சுண்டல் கொடுக்கிற மாதிரி இருக்கிறது என்று காசி கேலி செய்தார். ரங்கசாமி பார்த்துவிட்டு அடுத்த மறையை அவரே சரியான தொன்னையில் கொண்டுவந்து போட்டார். அதுதான் அவர் பாராட்டு.

மாமா மாட்டைக் கட்டிவிட்டு மரத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். சைலன்சர் குழாயின் மறை துருவேறி அசைய மாட்டேன் என்றது. ரங்கசாமி அதன்மேல் ஏறி நிற்காத குறை.

"புங்க எண்ணெ வுட்டு ஊற வைக்கச் சொல்லு" என்றார் மாமா.

அது ரங்கசாமி காதில் நன்றாக விழுந்தது. இருந்தாலும் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். "புங்க எண்ணெ வுட்டு ஊற வைக்கணுமாம்" என்றேன். "எங்களுக்குத் தெரியும்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு எண்ணெய் எடுத்து வரச் சொன்னார். "சரிங்கறாரு மாமா" என்று அந்தப் பக்கம் குரல் கொடுத்தேன். காசி வாயைப் பொத்திக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

சாப்பாட்டு வேளைக்குள் எல்லாக் கட்டும் அவிழ்ந்துவிட்டது. இன்ஜினைச் சட்டத்தோடு பிடித்திருந்த மறைகள் வந்துவிட்டன. கியர் பெட்டியோடு பிடித்திருந்த மறைகளும் வந்துவிட்டன. கியர் பெட்டி தொங்கிவிடாமல் அடியில் ஒரு கட்டையைக் கொடுத்தார்கள். இனித் தூக்க வேண்டியதுதான். காசி மரத்தில் ஏறிக் கிளைக்குச் சாக்கைச் சுற்றி, அதன்மேல் கிணற்று உருளையைக் கட்டினார். இன்னொரு உருளையை மரத்தின் அடியில் கட்டினார்கள். இன்ஜினில் சங்கிலி போட்டு, வடக்கயிற்றை அதில் கோத்து, மேல் உருளை வழியாகவும் கீழ் உருளை வழியாகவும் இழுத்து அந்த வாசலுக்குக் கொண்டுபோய் மாமாவின் நுகத்தடியில் கட்டினார்கள்.

மாமாவின் மாடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிணற்றில் கவலை கட்டித் தண்ணீர் இறைத்துப் பழகிய மாடுகள் அவை. கிணற்றிலிருந்து சால் மேலே வர முன்னால் நடக்கும், காலிச் சால் உள்ளே இறங்கப் பின்னாலேயே நடந்து வரும். முன்னால் நடக்கிற மாடு எங்கும் உண்டு. பாரத்தோடு அடிமேல் அடி வைத்துப் பின்னால் வருவதற்குப் பழக்கம் வேண்டும். தூக்கவும் அவைதான், இறக்கவும் அவைதான். திருப்பத்தூர்ப் பட்டறையில் இதற்குச் சங்கிலி மெஷின் வைத்திருக்கிறார்களாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

மாமா நிற்கிற இடத்திலிருந்து ஜீப் தெரியாது. நடுவில் மரம் மறைக்கும். ரங்கசாமி ஜீப்பின் முன்னால் குனிந்து இன்ஜினைப் பிடித்துக்கொண்டிருந்தார். காசி பக்கவாட்டில் நின்றார். அடிமரத்தின் பக்கத்தில், இரண்டு பேரும் தெரிகிற இடத்தில் நான். வேறு யாரை நிறுத்துவார்கள்?

"ஓட்டச் சொல்லு."

"ஓட்டுங்க மாமா!"

மாடுகள் நடந்தன. கயிறு விறைத்தது. கிளை ஒரு முனகல் முனகிற்று, அந்தப் பக்கம் மாமா அண்ணாந்து பார்த்தார். அசையாது என்று நினைத்த அந்த இரும்பு முதலில் ஒரு விரற்கடை எழுந்தது. ரங்கசாமி அதை முன்பக்கமாக இழுத்தார். கியர் பெட்டியில் சொருகியிருந்த தண்டிலிருந்து அது ஒரு குலுக்கலோடு விடுபட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை. பிரசவம் பார்த்தவளுக்குத்தான் அந்த நிமிஷம் புரியும்.

விடுபட்ட இன்ஜின் சும்மா நிற்குமா? முன்பக்கமாக ஆடிற்று. ஜீப்பின் முகம் எங்கள் வீட்டைப் பார்த்துத்தான் இருந்தது. இன்ஜின் ரங்கசாமியின் நெஞ்சைத் தள்ளிக்கொண்டு வீட்டுப் பக்கமாகப் போயிற்று.

"செல்லி, வூட்டுப் பக்கம் போவுது, நிறுத்தச் சொல்லு!" என்றார்.

இத்தனை நாள் திரித்துச் சொன்ன என் வாய், அவசரத்தில் உள்ளதை உள்ளபடி சொன்னது. "மாமா! வூடு! வூடு!" என்று கத்தினேன். வீடு இடிபடப் போகிறது, நிறுத்துங்கள் என்று அர்த்தம்.

எங்கள் பக்கத்தில் வீடும் வூடுதான், விடு என்பதும் வுடுதான். இழுத்துச் சொன்னால் வீடு, சுருக்கிச் சொன்னால் விட்டுவிடு. நான் இழுத்துத்தான் சொன்னேன். சத்தியமாக இழுத்துத்தான் சொன்னேன். மரத்தைத் தாண்டிப் போகும்போது அது சுருங்கிப் போனதற்கு நான் என்ன செய்வேன்? கவலை ஓட்டுகிறவர் காதில் அந்தச் சொல் விழுந்தால் கை தானாக வேலை செய்யும். மாமா நுகத்தைப் பிடித்து மாடுகளைப் பின்னால் நடத்தினார். பழகிய மாடுகள், பதவிசாக வந்தன. இன்ஜினும் பதவிசாகக் கீழே இறங்கிற்று. அது இறங்கிய இடத்தில், ஜீப்பின் முன்சட்டத்தின் மேல், ரங்கசாமியின் இடது கை இருந்தது.

ஒரு சத்தம் வந்தது. அது அவர் குரல் மாதிரியே இல்லை.

"அண்ணா! ஏத்துண்ணா! அண்ணா!"

மாமா ஓட்டின ஓட்டத்தை நான் பார்க்கவில்லை. நான் ஜீப்பைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தேன். கயிறு மறுபடி விறைத்ததும், காசி தன் தோளைக் கொடுத்து இன்ஜினைத் தள்ளியதும், ரங்கசாமி கையை இழுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்ததும்தான் தெரிந்தது. நான்கு விரலும் நசுங்கி நீலமாகி இருந்தன. ஒரு நகம் போய்விட்டது. மடக்கச் சொன்னேன், மெதுவாக மடக்கினார். எலும்பு தப்பித்தது. குலதெய்வத்துக்கு அங்கேயே நின்று ஒரு சேவல் நேர்ந்துகொண்டேன்.

இன்ஜின் இன்னும் அந்தரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அவரே எழுந்து வந்தார். அக்கா பெரியம்மாள் சத்தம் கேட்டு ஓடி வந்திருந்தாள். அவளும் நானும் காசியும் ஜீப்பைப் பின்னால் தள்ளினோம். இன்ஜின் மட்டும் மாமாவின் கிளையில் தனியாகத் தொங்கிற்று. கீழே பழைய டயரைப் போட்டு அதன்மேல் வைக்கோலைப் பரப்பினோம். காசிதான் அந்தப் பக்கம் ஓடிப்போய் மாமாவின் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் வாயையே திறக்கவில்லை. மாடுகள் பின்னால் நடக்க, அது வைக்கோலில் வந்து உட்கார்ந்தது. இறங்கிவிட்டது இன்ஜின்.

அப்புறம்தான் வேடிக்கை. மாமா மரத்தைச் சுற்றிக்கொண்டு வேகமாக வந்தார். தம்பியின் கையைப் பார்த்தார். முகம் என்னமோ ஆயிற்று. தம்பியும் அண்ணனைப் பார்த்தார். பேசப் போகிறார்கள், இதோ பேசப் போகிறார்கள் என்று நானும் அக்காவும் பார்த்துக்கொண்டு நின்றோம். இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"இன்னா செல்லி நீ, வுடுன்னு சொல்லிட்ட?" என்றார் மாமா.

"நிறுத்தச் சொன்னா வூடுன்னா கத்துவாங்க?" என்றார் ரங்கசாமி.

"ஒழுங்கா ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

"அதான, ஒரு வார்த்தை!"

மூன்று வருஷத்தில் அண்ணனும் தம்பியும் ஒத்துப்போன ஒரே விஷயம், தப்பு என்னுடையது என்பது. எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது! வூடுதான் தப்பா? பத்தடி தூரத்தில் நிற்கிற கூடப்பிறந்தவனிடம் "நிறுத்துண்ணா" என்று ஒரு சொல் சொல்ல வாய் வராமல், அதை என்னிடம் சொல்லி, நான் அதை மரத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் கை போக இருந்ததே, அது தப்பில்லையா? விரல் நசுங்கியதும் அண்ணா என்று நேராகத்தானே கூப்பிட்டார், அப்போது நான் எங்கே போனேன்? இதையெல்லாம் சொல்லியிருப்பேன். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். நான் மறைத் தொன்னைகள் இருந்த முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அன்று சாயங்காலமே பழைய கதை திரும்பிவிட்டது. "உன் வூட்டுக்காரன் என்னைக் கூப்ட்டான், நீ கேட்டியா?" என்று மாமா மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து என்னிடம் குரல் கொடுத்தார். "நான் யாரையும் கூப்புடல, கத்துனேன், கத்தும்போது இன்னா வேணா வாய்ல வரும்" என்று இவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். நான் அதைக் கொண்டுபோகவில்லை. கேட்காத மாதிரி அடுப்பை ஊதினேன்.

இன்ஜினைக் கொண்டுபோக லாரி வர நாளாயிற்று. அது வாசலில் சாக்குப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கோழி அதன்மேல் ஏறி நின்றது. ரங்கசாமியின் கை வீங்கி இருந்தது. பச்சிலை வைத்துக் கட்டிவிடுவேன். வாயே திறக்காமல் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மாமாவும் அக்காவும் மரத்தைச் சுற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்கள். மாமா மடித்துக் கட்டும் வேட்டியை இறக்கிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். அக்கா கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓடிப்போய்ப் பாயை எடுத்து வாசலில் விரித்தேன். மாமா பாயில் உட்கார்ந்தார். ரங்கசாமி கதவோரத்தில் கட்டுப் போட்ட கையோடு நின்றார். இரண்டு பேருக்கும் நடுவில் நான்கு முழம்கூட இல்லை.

மாமா தட்டை வாங்கித் தனக்கு முன்னால் வைத்தார். தொண்டையைச் செருமினார். அப்புறம் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"செல்லி, உன் வூட்டுக்காரன்கிட்ட சொல்லு. ராணிக்குக் கல்யாணம் வச்சிக்கீறோம். குடும்பத்தோட வரணும்னு அழைக்கிறேன்னு சொல்லு."

ரங்கசாமியும் என்னைத்தான் பார்த்தார். "வர்றோம்னு சொல்லு" என்றார்.

அவ்வளவுதான் வேண்டியது. நான் அதை அப்படியே திருப்பிச் சொல்லியிருந்தால் போதும், தட்டைக் கையில் வாங்கியிருப்பேன், கல்யாணத்துக்குப் போயிருப்பேன். எனக்கும் அது தெரியும். வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்தக் கட்டுப் போட்ட கை என் கண்ணில் பட்டது.

"நான் சொல்ல மாட்டேன்" என்றேன்.

"இன்னா?"

"சொல்ல மாட்டேன் மாமா. எனக்குத்தான் ஒழுங்கா ஒரு வார்த்தை சொல்ல வரலியே. நீங்களே சொல்லிக்கோங்க, அவரே கேட்டுக்கட்டும். இல்லாங்காட்டி தட்டை எடுத்துக்கினு போய்டுங்க."

அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய்விட்டேன். பலாமரத்தடியில் அவளை உட்காரவைத்து நானும் உட்கார்ந்தேன். "கெடுத்துட்டியேடி, தட்டோட வந்த மனுசனை" என்று அக்கா என் தொடையில் அடித்தாள். ராணியம்மாள் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. எழுந்து போய்ச் சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை எழுந்தேன். அக்காதான் இரண்டாவது தடவை என் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

முன்வாசலில் ஒரு சத்தமும் இல்லை. கோழி கத்திற்று. யாரோ தொண்டையைச் செருமினார்கள். மாமா எழுந்து போய்விட்டாரோ என்று நினைத்தேன். பாய் சரசரக்கிற சத்தம் கேட்டது.

"கை எப்பிடிடா கீது?"

மாமாவின் குரல்தான். அக்கா என் கையை இறுகப் பிடித்தாள். இவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சின்னப் பிள்ளை மாதிரி ஒரு குரல் வந்தது.

"ரொம்ப வலிக்குதுண்ணா."

கட்டை அவிழ்த்துக் கட்டும்போதெல்லாம் வலிக்குதா, வலிக்குதா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு நாள்கூட என்னிடம் வலிக்கிறது என்று அவர் சொன்னதில்லை.